தறியும் மூதாதையரும்

கிரேக்கக் கிராமங்களின் கிலிம் பற்றி எழுத வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே பெனலோப்பியில் தான் ஆரம்பிக்கிறார்கள். பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மூன்று வருஷம் தன்னை மணக்க வந்தவர்களை ஏமாற்றிய ஹோமரின் பெனலோப்பி. அவள் கையிலிருந்து ஓர் இழை அறுபடாமல் மூவாயிரம் ஆண்டு ஓடி வந்து பிந்தஸ் மலையில் ஏதோ ஒரு கிழவியின் தறியில் வந்து சேர்கிறது. கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால் பெனலோப்பியின் தறி வேறு. அது நிற்கும் தறி. பாவு நூல்கள் மேலேயிருந்து தொங்கும். அவற்றின் கீழ்நுனிகளில் சுட்ட களிமண் குண்டுகள் கட்டியிருக்கும். நெய்கிறவள் நின்றுகொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டு, மேலிருந்து கீழாக நெய்து வருவாள். அந்தக் களிமண் குண்டுகள் அகழ்வாய்வுகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பிந்தஸ் கிழவியோ உட்கார்ந்து, காலால் மிதித்து நெய்கிறாள். மிதிதறி இடைக்காலத்தில் வந்து சேர்ந்தது. அவள் நெய்கிற பொருளின் பெயர் கிலிம் - துருக்கிச் சொல். துருக்கிக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. பெனலோப்பி நெய்ததோ மாமனாருக்கான சவத்துணி.

இதைச் சொல்வது பெனலோப்பியை மேடையிலிருந்து இறக்கிவிட அல்ல. ஒரு ஜனத்தின் கைவேலையைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு மூதாதையர் தேடிக் கொடுப்பது, கௌரவம் செய்வது போலத் தோன்றினாலும், அடிப்படையில் ஒருவித அலட்சியம் தான் என்று எனக்குப் படுகிறது. கிலிமின் சித்திரங்களுக்கு நேர்ந்தது இது தான். கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

முதலில் தறியின் விஷயம். கிலிமை நமக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வதென்றால் அது பவானி ஜமுக்காளத்தின் ஜாதி. முடிச்சுப் போட்டு ரோமம் நிற்க வைக்கிற கம்பளம் அல்ல; தட்டையான விரிப்பு. ஊடையை அடித்து அடித்து நெருக்கிப் பாவு நூல் கண்ணுக்கே தெரியாதபடி மறைத்துவிடும் நெசவு. ஜமுக்காளம் பருத்தி, கிலிமின் ஊடை ஆட்டு ரோமம். பெரும்பாலான கிராமங்களில் பெரும்பாலான விரிப்புகளுக்கு ஜமுக்காளத்தைப் போல வெறும் பட்டைகள் தான். கோடியிலிருந்து கோடிக்கு ஒரு நிறம், பிறகு அடுத்த நிறம். இதைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. புத்தகங்கள் எழுதப்படுவது சித்திரம் போட்ட கிலிமைப் பற்றி.

சித்திரம் போடுவதென்றால் ஒரே வரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் வேண்டும். ஒவ்வொரு நிறத்து நூலும் தன் எல்லை வரை போய் அங்கேயே திரும்பி வருகிறது. சிவப்பு ஒரு பாவு நூலைச் சுற்றித் திரும்புகிறது, பக்கத்துப் பாவு நூலைச் சுற்றிக் கறுப்பு திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே பிணைப்பு எதுவும் இல்லை. எல்லை நேர்செங்குத்தாக மேலே போய்க்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பொத்தான் துளை மாதிரி ஒரு பிளவு விழும். விரல் நீளத்துக்குப் பிளவு விழுந்தால் விரிப்பு தாங்காது, கிழியும். ஆகவே சில வரிசைகளுக்கு ஒரு முறை எல்லையை ஒரு பாவு நூல் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. தள்ளிக்கொண்டே போனால் அது சாய்கோடு. ஓரளவு போனபின் திருப்பினால் முக்கோணம். நான்கு புறமும் திருப்பினால் சாய்சதுரம். சாய்சதுரத்தின் விளிம்பில் படிக்கட்டுப் போல் ஏறும் பற்கள், பற்களின் நுனியில் கொக்கிகள். பிளவு வேண்டாம் என்றால் இரண்டு நிறமும் ஒரே பாவு நூலைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். அப்போது எல்லை ரம்பப் பல்லாகிறது. வட்டம் வராது. வளைகோடு வரும், ஆனால் பெரும் பிரயாசையில், அதுவும் படிக்கட்டாகத் தான். கிலிமின் 'ஆதி வடிவங்கள்' என்று எவையெவை பட்டியலிடப்படுகின்றனவோ அவையெல்லாம் இந்த நாலு வரி விதியிலிருந்து பிறக்கக் கூடியவை.

இதை வைத்துக்கொண்டு ஜெர்மன் பாஷையில் பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. கட்டடக் கலைஞர் கோட்ஃப்ரீட் ஸெம்பர் 1860-63இல் வெளியிட்ட தன் நூலில், அலங்கார வடிவங்களுக்கெல்லாம் தாய் நெசவும் பின்னலும் தான், கருவியும் பொருளும் வடிவத்தைத் தருகின்றன என்றார். அவருடைய சிஷ்யர்கள் இதை இயந்திரமாக்கிக் கருவி மட்டுமே கலை என்கிற இடத்துக்குக் கொண்டு போனார்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் துணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த அலோய்ஸ் ரீகல் 1893இல் எதிர்த்து எழுதினார்: எகிப்தின் தாமரை கிரேக்கரிடம் போய் ஓலைவிசிறியாகி, பிறகு அரபுக் கொடியாகிறது, இதில் ஒரு தறியும் இல்லை, கலைஞனின் இச்சை தான் இருக்கிறது என்று. வேடிக்கை என்னவென்றால், தறி தான் எல்லாம் என்றவர் கட்டடம் கட்டுகிறவர்; தறி ஒன்றுமில்லை என்றவர் வாழ்நாளின் முக்கியமான வருஷங்களைத் துணிகளோடு கழித்தவர். உருவம், உள்ளடக்கம் என்று நம்மிடையே நடந்த சண்டைகளை நினைக்கும்போது, இருவரில் ஒருவர் பக்கம் சேர்வது எனக்குச் சாத்தியமாயில்லை. தறி தடுக்கிறது, தடுக்காத இடங்களும் உண்டு. அந்த இடங்களில் நெய்கிறவள் என்ன செய்தாள் என்பது தான் கேள்வி. ஆனால் கிரேக்க நாட்டில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. அங்கே வேறொரு அவசரம் இருந்தது.

1830இல் ஃபால்மெரயர் என்கிற ஜெர்மன் சரித்திராசிரியர், இன்றைய கிரேக்கர்களின் உடம்பில் பழைய ஹெலனியரின் ரத்தம் ஒரு துளியும் இல்லை, இவர்கள் இடைக்காலத்தில் வந்து குடியேறிய ஸ்லாவியர், அல்பேனியர் என்று எழுதினார். துருக்கியரிடமிருந்து அப்போது தான் விடுதலை பெற்று, ஐரோப்பாவின் தயவில் எழுந்து நின்றுகொண்டிருந்த ஒரு சிறிய நாட்டுக்கு இது சாதாரணமான விஷயமல்ல. ஐரோப்பா உதவிக்கு வந்ததே அந்த ரத்தத்தை நம்பித் தான். பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் கிராமங்களில் தேடப்பட்டது. நாட்டார் பாடல், பழமொழி, ஒப்பாரி எல்லாவற்றிலும் ஹோமர் ஒளிந்திருக்கிறாரா என்று பார்த்தார்கள். நிகோலாஸ் பொலிதிஸ் இந்தத் துறைக்கு 'லாவோகிராஃபியா' என்று பெயர் வைத்தது 1884இல். பெயரே 'ஜனத்தைப் பற்றி எழுதுவது' என்கிற மாதிரி. எழுதப்பட்டது ஜனத்தைப் பற்றியா, ஜனத்தின் தாத்தாக்களைப் பற்றியா என்பது வேறு. பாட்டு முடிந்தபின் துணிகளின் முறை வந்தது. 1911இல் கலிரோயி பாரென் தொடங்கிய கிரேக்கப் பெண்கள் லைஸியம், 1918இல் ஏதென்ஸில் கைவினை அருங்காட்சியகம், 1930இல் பெனாகி. நகரத்துக் கனவான்கள் வீட்டுப் பெண்கள் கிராமத்து உடைகளை அணிந்து நாட்டியமாடினார்கள். கிராமத்துப் பெண்கள் அப்போது நகரத்து உடைகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் அங்கெலிகி ஹாட்ஸிமிகாலியைத் (1895-1965) தனியாக வைத்துப் பேச வேண்டும். ஸ்கீரோஸ் தீவின் கலை பற்றி 1925இலும் ஸரகட்ஸானிகள் என்கிற ஆட்டிடையர் பற்றி 1957இலும் அவர் எழுதிய புத்தகங்கள் இன்றும் ஆதாரமானவை. ஊர் ஊராகப் போனவர், உட்கார்ந்து பார்த்தவர், எந்த முடிச்சை எந்தக் கையால் போடுகிறார்கள் என்று எழுதி வைத்தவர். அவர் பார்த்ததில் பாதி இன்று இல்லை. அவர் குறித்து வைத்தது தான் மிச்சம். ஆனால் அவரும் ஸரகட்ஸானிகளின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களையும் சாய்கோடுகளையும் பார்த்த மாத்திரத்தில் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் ஜியாமிதிப் பானைகளுக்குப் போய்விடுகிறார். குளிர்காலத்தில் சமவெளி, கோடையில் மலை என்று அலைகிற இந்த இடையர்கள் தான் கலப்பில்லாத ஆதி கிரேக்கர்; இவர்கள் நெய்வதும் பானையில் எழுதியதும் ஒன்று. ஒன்று போலத் தான் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் பானை எழுதுகிறவனுக்குத் தூரிகை இருக்கிறது, வட்டம் போடலாம், வளைக்கலாம். அவன் கட்டம் கட்டமாக எழுதுகிறான் என்றால் துணியைப் பார்த்து எழுதியிருக்கலாமே. அப்படி நினைக்கிற அகழ்வாய்வாளர்களும் உண்டு. அப்படியானால் இரண்டையும் இணைப்பது ரத்தம் அல்ல, பாவும் ஊடையும். ஆண்டிஸ் மலையிலும் அதே படிக்கட்டும் அதே சாய்சதுரமும் நெய்திருக்கிறார்கள். அவர்களும் ஹெலனியர் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இதே காலத்தில் தறியின் மேல் மோகம் கொண்ட இன்னொருவரும் உண்டு: கவிஞர் ஸிகெலியானோஸின் அமெரிக்க மனைவி ஈவா பாமர். பழைய கிரேக்க உடையைத் தானே நெய்து அணிந்து ஏதென்ஸ் தெருவில் நடந்தவர். 1927இலும் 1930இலும் டெல்ஃபியில் தம்பதிகள் நடத்திய விழாவில் ஈஸ்கிலஸ் நாடகக் கோரஸின் உடைகள் அவர் தறியில் நெய்தவை. விழாவோடு கிராமக் கைவேலைகளின் கண்காட்சியும் இருந்தது. தாதாபாய் நவ்ரோஜியின் பேத்தி குர்ஷெத் 1920களில் ஏதென்ஸில் அவரோடு இருந்து, பின் இந்தியா திரும்பிக் காந்தியின் இயக்கத்தில் சேர்ந்தவர். கதரையும் அந்த உடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒன்று எதிர்காலத்துக்கு நெய்தது, மற்றது ஈஸ்கிலஸுக்கு.

மூதாதையரைத் தேடியவர்கள் தறியருகில் புழங்கும் சொற்களைக் கவனித்திருந்தால் போதும். தறிக்குப் பெயர் 'அர்கலியோஸ்': கருவி என்கிற பழைய கிரேக்கச் சொல், சந்தேகமில்லை. நாடாவுக்கு 'சயீதா': அம்பு என்கிற லத்தீன் சொல். நூற்கும் கோல் 'ரோகா': இத்தாலியம். விரிப்பு கிலிமி: துருக்கி வழியாகப் பாரசீகம். அதற்கு ஏற்றுகிற நீலச் சாயம் 'லுலாகி': பாரசீகம், அரபு என்று சுற்றி வந்தாலும் வேர் நம்முடைய 'நீலம்' தான். மடித்துச் சுவரோரம் அடுக்கி வைக்கும் சீர்வரிசைக் குவியல் 'யூகோஸ்': சுமை என்று அர்த்தம், துருக்கி. கிரீட் தீவில் நெசவுச் சித்திரத்துக்கு வழங்குகிற சொல் எனக்கு மிகவும் பிடித்தது: 'க்ஸோம்ப்ளி'. உதாரணம், மாதிரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் மரூஉ. சித்திரம் என்பது குறியீடல்ல, ரகசியமல்ல, மாதிரி. அடுத்த வீட்டுக்காரி போட்டதைப் பார்த்து நான் போடுவது. இதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்குச் சித்திரம் போடுவது என்பதோடு ஊர்வம்பு பேசுவது என்றும் அர்த்தம். இரண்டும் வீட்டுக்கு வீடு போகும்போது கொஞ்சம் கொஞ்சம் மாறுகிற சமாசாரங்கள். கிலிம் சித்திரம் பரவிய விதத்தைப் பண்டிதர்கள் எழுதியதைவிட இந்தச் சொல் சரியாகச் சொல்கிறது.

இரட்டைத் தலைக் கழுகை எடுத்துக்கொள்வோம். கிலிமில் அது வந்தால் உடனே பைஸாண்டியம், வீழ்ந்த கான்ஸ்டாண்டிநோபிளின் நினைவு, ஐந்நூறு வருஷம் கிராமத்துப் பெண்கள் தறியில் காத்து வைத்த ஏக்கம் என்று எழுதுவார்கள். அவ்வளவு தூரம் போவானேன். கழுகு சர்ச்சின் சின்னம். பாதிரியின் அங்கியில், கோயில் தளத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கிறாள். ஸெர்பியருக்கும் அல்பேனியருக்கும் அதே கழுகு. செல்ஜுக் துருக்கியர் கல்லில் செதுக்கியதும் அதே. தவிர, எனக்குத் தோன்றுவது இது: ஒரு தலைப் பறவை ஒரு பக்கம் பார்த்தாக வேண்டும். நெய்கிறவள் நடுப்பாவை அச்சாக வைத்து இடமும் வலமும் எண்ணிக்கொண்டு போகிறாள். இடப்பக்கம் எண்ணியதை வலப்பக்கம் திருப்பிப் போட்டால் கணக்கு மனத்தில் நிற்கும். அப்படிப் போட்டால் எந்தப் பறவைக்கும் இரண்டு தலை முளைத்துவிடும். ஜாடியில் முளைத்த செடி, இருபுறம் இரு பறவை என்கிற 'ஜீவ விருட்சமும்' இதே கணக்கில் அடங்கும். அதனால் அதற்கு அர்த்தமில்லை என்பதல்ல. அர்த்தம் தறிக்கு முன்னால் எங்கோ காத்துக்கொண்டிருந்து சித்திரத்துக்குள் புகுந்துகொள்ளவில்லை என்பது தான்.

பல்கன் பிரதேசம் முழுவதும் இந்தச் சித்திரங்கள் எல்லை பார்க்காமல் திரிகின்றன. பல்கேரியாவின் சிப்ரோவ்த்ஸி, ஸெர்பியாவின் பிரோத், ருமேனியாவின் சுவர்க் கம்பளங்கள், பெலொப்பொனீஸில் கெராகி ஊரின் நிற்கும் தறிக் கிலிம்கள். ஒவ்வொரு தேசமும் தன்னுடையதைத் தன் ஆதிக்குடியின் எழுத்து என்று சொல்லிக்கொள்கிறது. யுனெஸ்கோ 2014இல் சிப்ரோவ்த்ஸியையும், 2016இல் ருமேனியாவையும் மால்தோவாவையும் சேர்த்தும் தன் பட்டியலில் ஏற்றியது. பட்டியலுக்கு எல்லைக்கோடு தேவை, சாய்சதுரத்துக்குத் தேவையில்லை.

தேசியவாதிகள் மூவாயிரம் ஆண்டோடு நின்றார்கள். அதற்கும் மேலே ஒன்பதாயிரம் ஆண்டுக்குப் போனவர் ஜேம்ஸ் மெல்லார்ட். அனடோலியாவில் சதல்ஹூயுக் என்கிற புதிய கற்கால ஊரை 1961 முதல் 1965 வரை தோண்டியவர். பெரிய கண்டுபிடிப்பு தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் நூற்றாண்டு கழித்து 1989இல் அவரும் வேறிருவருமாக ஒரு பெரும் நூலை வெளியிட்டார்கள். சதல்ஹூயுக்கின் சுவர்களில் இருந்ததாக, இடிந்து விழுமுன் தாம் வரைந்து வைத்துக்கொண்டதாக, அவர் அதில் வெளியிட்ட ஓவியங்கள் அப்படியே இன்றைய கிலிம்கள். கிலிமின் சாய்சதுரம் தாய்த்தெய்வம். கொக்கிகள் அவள் கைகள். கம்பள வியாபாரிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தறியைத் தெரிந்த சிலர், முக்கியமாக நெசவுத் தொழில்நுட்பம் ஆராய்ந்த மார்லா மல்லெட், அப்போதே சந்தேகப்பட்டார்கள்: சுவரில் எழுதுகிறவனுக்குப் பிளவு விழும் பயம் இல்லையே, அவன் ஏன் பிளவுக்குப் பயந்த கோடுகளைப் போட வேண்டும்? மெல்லார்ட் 2012இல் இறந்தார். அவருடைய லண்டன் வீட்டில் மிஞ்சிய காகிதங்களைப் பார்த்த எபெர்ஹார்ட் ஸாங்கர் 2018இல் வெளியிட்ட செய்தி: அந்தச் சுவரோவியங்களை மெல்லார்ட் தன் வீட்டிலேயே, பல தடவை எழுதிப் பழகித் தயாரித்திருக்கிறார். ஆக, தாய்த்தெய்வத்திடமிருந்து கிலிம் வரவில்லை. கிலிமிலிருந்து தான் அந்தத் தாய்த்தெய்வம் வந்திருக்கிறாள். மோசடியைவிட எனக்கு ஆச்சரியம் தருவது இதை நம்பத் தயாராக இருந்த கூட்டம். கிராமத்துப் பெண் ஒருத்தி ஒரு வடிவத்தை அது நன்றாக இருக்கிறது என்பதற்காகப் போட்டிருக்கக் கூடும் என்பதை மட்டும் யாராலும் நம்ப முடியவில்லை.

சரித்திரம் என்று ஒன்று நிஜமாகவே கிலிமுக்குள் புகுந்தது 1922இல். ஆசியா மைனரில் கிரேக்கப் படை தோற்று, ஸ்மிர்னா எரிந்து, அதன் பின் 1923 ஜனவரியில் லோஸானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜனங்களை மாற்றிக்கொண்டார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். பிரித்த அளவுகோல் பாஷையல்ல, மதம். துருக்கி மட்டுமே பேசி அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கரமன்லிகள் 'தாய்நாடு' வந்தார்கள். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் முஸ்லிம்கள் 'தாய்நாடு' போனார்கள். பண்டிதர்களின் ரத்த விசாரணை ராஜாங்க நடவடிக்கையானபோது எப்படி இருந்தது என்பதற்கு இது போதும். வந்தவர்களில் கம்பளம் நெய்யத் தெரிந்த பெண்கள் ஏராளம். இஸ்பார்த்தா என்று துருக்கியரும் ஸ்பார்த்தா என்று கிரேக்கரும் சொன்ன ஊரிலிருந்து வந்தவர்கள் ஏதென்ஸுக்கு வெளியே நெயா இயோனியாவில் குடியேறினார்கள். அங்கே கம்பளப் பட்டறைகள் எழுந்தன. அது முடிச்சுக் கம்பளம், ஏற்றுமதிச் சரக்கு, கிலிம் அல்ல. 1929க்குப் பின் வந்த உலக மந்தத்தில் அந்தத் தொழில் விழுந்தது. ஆனால் புதிதாக வந்தவள் கிணற்றடிக்கு வரத் தானே வேண்டும். அவளிடமிருந்து உள்ளூர்க்காரி ஒரு கொக்கியை, ஒரு கரையை எடுத்துக்கொள்கிறாள். மாதிரி, க்ஸோம்ப்ளி. இன்று 'கலப்பில்லாத கிரேக்கக் கிலிம்' என்று அருங்காட்சியகத்தில் தொங்குவதில் எத்தனை இழை அந்த அகதிகளுடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஆகாமலிருப்பதே நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு புலம்பல் உண்டு. மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த சிவப்பு தான் உத்தமம் என்பார்கள். உண்மை தான். தெஸ்ஸலியில் அம்பெலாகியா என்கிற மலையூர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மஞ்சிட்டிச் சிவப்பேற்றிய பருத்தி நூலை வியன்னா வரை விற்றுச் செழித்தது. ஊரே ஒரு கூட்டுறவு. இங்கிலாந்தின் ஆலை நூல் வந்ததும், 1811இல் வியன்னாவில் பணம் மூழ்கியதும் அதன் கதை முடிந்தது. ஆலை நூல் நம் பக்கம் செய்ததை நாம் அறிவோம். பின்னால் பொட்டலத்தில் வந்த ரசாயனச் சாயத்தைப் பெண்கள் வரவேற்றார்கள். ரசிகர்கள் அதை வீழ்ச்சி என்கிறார்கள். வேரைத் தோண்டி, காய வைத்து, இடித்து, நாள் கணக்கில் அடுப்படியில் நிற்காதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம். கண்ணைக் குத்தும் அந்த ரோஜா நிறம் அவளுக்குப் பிடித்திருந்தது. ரோஜா பூவும் அப்படித் தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான தையல் கட்டத்தாள்களிலிருந்து பல்கன் கிலிம்களுக்கு வந்தேறியது. இப்போது அதையும் நாட்டார் கலை என்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. இரட்டைக் கழுகும் ஒரு நாள் அப்படித் தானே வந்திருக்கும்.

நான் முன்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன்: தறி தடுக்காத இடத்தில் அவள் என்ன செய்தாள்? கிராமத்து மிதிதறி குறுகலானது. இரு கை எட்டுகிற அகலம் தான் துணி. அகலமான விரிப்பு வேண்டுமென்றால் இரண்டு மூன்று பட்டைகளாக நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும். நெய்யும்போது முன்பட்டை சுருட்டிக் கிடக்கிறது. இரண்டாவது பட்டையை அவள் நினைவிலிருந்தும் எண்ணிக்கையிலிருந்தும் நெய்கிறாள். அடிப்பது ஒரு நாள் பலமாக, ஒரு நாள் தளர்வாக. முடித்துச் சேர்த்தால் பாதிச் சாய்சதுரம் மறுபாதியோடு ஒரு விரற்கடை ஏறி இறங்கி நிற்கிறது. இந்தத் தையற்கோட்டைத் தான் நான் கிலிம் படங்களில் முதலில் தேடுகிறேன். சிலர் கரையில் ஒரு வரிசை கூட்டிச் சரிக்கட்டியிருப்பார்கள். சிலர் அப்படியே விட்டிருப்பார்கள். சிலர் ஒன்றோடொன்று சேராமலே இருக்கும்படி ஆரம்பத்திலேயே சித்திரத்தை அமைத்துக்கொண்டிருப்பார்கள். அது தான் உச்சமான சாமர்த்தியம் என்பது என் கட்சி. நூல் தீர்ந்து வேறு சாயத் தொட்டி நூல் தொடங்கின இடம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வேலை மாறிய இடம், எல்லாம் அங்கே தெரியும். பட்டியல்களில் இந்த இடங்களுக்குச் 'சேதம்', 'ஒழுங்கின்மை' என்று பெயர்.

அவள் நெய்தது கலைக்காக அல்ல, சீருக்காக. பெண் பிறந்தது முதல் வீட்டில் நெசவு தொடங்கிவிடும். ஆட்டின் ரோமம் கழித்து, கழுவி, சீவி, நூற்று, சாயமேற்றி, நெய்து, மடித்து அடுக்குவார்கள். அந்தக் குவியலின் உயரத்தை வந்தவர்கள் கண்ணால் அளப்பார்கள். அதிலிருந்த நல்ல கிலிம்கள் தரையில் விரிக்கப்படாமலே அடுத்த தலைமுறையின் குவியலுக்குப் போனதுண்டு. கிரேக்க நாடு சீர்வரிசையைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1983இல். பெண்களின் இயக்கம் போராடிப் பெற்ற சட்டம், வேண்டியது தான். கைத்தறி அழிகிறதே என்று வருந்துகிறவர்கள், அது எதனால் அத்தனை காலம் ஓடியது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதற்கு முன்பே தறிகள் நின்றுகொண்டிருந்தன. 1944 ஆகஸ்டில் கிரீட்டின் அனோயா கிராமத்தை ஜெர்மன் ராணுவம் தரைமட்டமாக்கியது. ஊரிலும் ஒரு கிலோமீட்டர் சுற்றிலும் அகப்படும் ஆண்களைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. போருக்குப் பின் மிஞ்சிய பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காக நெய்து விற்றார்கள். இன்று அனோயா பிரயாணிகளுக்கான நெசவூர். 1946-49 உள்நாட்டுப் போரில் மலைக் கிராமங்களிலிருந்து சுமார் 7 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது 1947இல் ராணி ஃப்ரெடெரிகா தொடங்கிய நிதி குழந்தைகளுக்கு விடுதிகள் அமைத்தது, பின்பு வடஎல்லைக் கிராமத்துப் பெண்களுக்குக் கம்பளப் பயிற்சி தந்தது. விடுதிகளில் தங்கள் குழந்தைகளின் மனத்தை மாற்றினார்கள் என்று இடதுசாரிகள் கடைசிவரை குற்றம் சாட்டினார்கள். கம்பளத்தின் மாதிரிகள் ஏதென்ஸிலிருந்து வந்தன, தேர்ந்தெடுத்த 'தேசிய' வடிவங்கள். பக்கத்து வீட்டுக்காரியின் இடத்தில் ராஜாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஃப்ரெடெரிகா தான் 1967க்குப் பின் நாட்டை இழந்து, சென்னையில் வந்து தங்கி, பல்கலைக்கழகத்தில் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் படித்தவர். நாமரூபம் பொய் என்பதை அவர் இங்கே எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டார் என்று நான் யோசித்ததுண்டு. அவர் மகனை விரட்டிவிட்டு 1974 வரை ஆண்ட ராணுவக் கர்னல்களுக்கும் நாட்டார் கலை மேல் அபார மோகம். விளையாட்டரங்கில் 'கிரேக்கர்களின் வீரம்' என்று விழா எடுத்தார்கள். ஒரு தலைமுறை இளைஞர்களுக்குக் கிராமத்து நடனம் என்றாலே குமட்டும்படி செய்தது அவர்களுடைய சாதனை.

பிந்தஸிலும் கிரீட்டிலும் எல்லா வீட்டிலும் இன்னொரு விரிப்பு இருந்தது: குரெலு. கந்தல் விரிப்பு. கிழிந்த சட்டை, பாவாடை, போர்வை எல்லாவற்றையும் விரல் அகலத்துக்குக் கிழித்து ஊடையாகக் கொடுத்து நெய்வது. சித்திரம் கிடையாது. எந்தத் துணி எப்போது கந்தலாகிறதோ அந்த வரிசையில் நிறம் வரும். பொலிதிஸின் சிஷ்யர்களுக்கு இது கண்ணிலேயே படவில்லை. இதில் ஹோமர் எங்கே இருக்கிறார்? 1930களின் ஏதென்ஸில், செஃபெரிஸும் எலிடிஸும் 'கிரேக்கத்தன்மை' பற்றி யோசித்துக்கொண்டிருந்த அதே சூழலில் இருந்த கட்டடக் கலைஞர் திமித்ரிஸ் பிகியோனிஸ் நாட்டார் கலை பற்றி 1925இலேயே எழுதியவர். 1954 முதல் 1957 வரை அக்ரோபோலிஸுக்கும் எதிரிலுள்ள குன்றுக்கும் ஏறும் பாதையை அவர் அமைத்தார். அப்போது ஏதென்ஸில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடித்த வீடுகளின் சலவைக்கல் துண்டுகள், வாசற்படிகள், ஜன்னல் விளிம்புகள், ஓட்டுச் சில்லுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, கல்தச்சர்களோடு அந்த இடத்திலேயே நின்று, எந்தத் துண்டு எதன் பக்கத்தில் என்று பார்த்துப் பார்த்துப் பாவினார். மேலே பார்த்தினான் இருக்கிறது. போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். காலடியில் ஒரு வாசற்படியின் பாதி, வேறொரு வீட்டு ஜன்னல் விளிம்பின் பாதியோடு ஒரு விரற்கடை ஏறி இறங்கிச் சேர்ந்திருக்கிறது.